பத்திரம் யார் பேரில்? – தென் கரோலினாப் பயணக் குறிப்புகள்

அமெரிக்க உள்நாட்டுப் போர் 1861-ல் தொடங்கி 1865-ல் முடிந்தது, அடிமை முறை ஒழிந்தது, லிங்கன் சுடப்பட்டார். பாடப் புத்தகம் அதோடு அத்தியாயத்தை மூடிவிடும். அதற்கப்புறம் 1877 வரை நடந்ததை மறுகட்டமைப்புக் காலம் என்கிறார்கள். நாற்பது லட்சம் பேருக்கு விடுதலை வந்துவிட்டது. கையில் காசு இல்லை, காணி நிலம் இல்லை, முக்கால்வாசிப் பேருக்கு எழுத்து தெரியாது. பழைய எஜமானர்களோ அடுத்த தெருவிலேயே இருக்கிறார்கள். ஓட்டு, பள்ளிக்கூடம், நீதிமன்றம், நிலம் எல்லாவற்றையும் புதிதாக உண்டாக்க வேண்டும். போர்க்களங்களைப் பார்க்க பஸ் பஸ்ஸாக ஆட்கள் போகிறார்கள். இந்தக் காலத்துக்கென்று ஒரு தேசிய நினைவிடத்தை அறிவித்ததே 2017 ஜனவரியில், ஒபாமா பதவியை விட்டு இறங்கப் போகிற கடைசி நாட்களில்.

அங்கேதான் போய்வந்தோம், நானும் அப்பாவும். அப்பா கும்பகோணத்திலிருந்து வந்திருக்கிறார். காலமெல்லாம் சார்பதிவாளர் அலுவலகத்தில் குப்பை கொட்டியவர். நயாகரா பார்க்கலாமா என்று கேட்டால் கூட்டமாக இருக்கும் என்றார். அட்லாண்டாவிலிருந்து காரில் கிளம்பியாயிற்று.

2024 ஜூன் 11, செவ்வாய் – சார்ல்ஸ்டன்

காரை விட்டு இறங்கியதும் கண்ணாடியில் ஆவி படிந்தது. 35 டிகிரிதான் காட்டியது, ஆனால் நாகப்பட்டினத்து மே மாதம் போல உடம்பெல்லாம் பிசுபிசு. காரை நிறுத்த இடம் தேடியே அரை மணி நேரம் போயிற்று.

முதலில் ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகம். 2023-ல்தான் திறந்தது. அடிமைக் கப்பல்கள் வந்து நின்ற கேட்ஸ்டன் துறைமேடை இருந்த இடத்திலேயே, தரையைத் தொடாமல் தூண்களின் மேல் கட்டியிருக்கிறார்கள். அப்பாவைப் பிடித்துவைத்தது பூர்வீகம் தேடிக் கொடுக்கும் பிரிவு. 1850, 1860 கணக்கெடுப்பில் அடிமைகளுக்குப் பெயர் கிடையாது. உடையவன் பெயர் இருக்கும், அதற்குக் கீழே வயது, ஆணா பெண்ணா, நிறம், அவ்வளவுதான். 1870 கணக்கெடுப்பில்தான் இவர்கள் எல்லோருக்கும் முதல் தடவையாகப் பெயர் வருகிறது. அதனால் பூர்வீகம் தேடிவருகிறவர்கள் பெரும்பாலும் 1870-ல் போய் முட்டிக்கொண்டு நிற்கிறார்கள். அப்பா அந்தப் பதிவேட்டுப் பக்கத்தைக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, மூக்கு உரசுகிற மாதிரி குனிந்து பார்த்தார். "கையெழுத்து நல்லா இருக்கு, விஷயம்தான் இல்லை" என்றார்.

மதியம் ஒரு சின்னக் கடையில் சிவப்புச் சோறு. தக்காளியில் வெந்த சோறு, உள்ளே புகைபோட்ட பன்றி இறைச்சித் துண்டுகள். தட்டு 14 டாலர். பரிமாறிய அம்மா அப்பாவை சார், சார் என்று அழைத்து, கேட்காமலே இன்னொரு கரண்டி வைத்தார். அப்பா இறைச்சியைப் பொறுக்கி எனக்குத் தள்ளிவிட்டு, சோற்றை மட்டும் சுத்தமாக முடித்தார்.

வெயில் தாழ ஹாம்ப்டன் பூங்கா. போர்க்காலத்தில் இது குதிரைப் பந்தயத் திடல். அடிமை முறையை விடாமல் பிரிந்துபோன மாநிலங்களின் தெற்குப் படை இங்கே மத்திய அரசின் வடக்குச் சிப்பாய்களை அடைத்துவைத்திருந்தது. செத்த 257 பேரைக் குழியில் போட்டு மூடிவிட்டுப் போய்விட்டது. ஊர் விடுபட்டதும் கறுப்பினத் தொழிலாளர்கள் அத்தனை உடல்களையும் தோண்டியெடுத்து, வரிசையாக அடக்கம் செய்து, வேலி போட்டார்கள். 1865 மே 1 அன்று பத்தாயிரம் பேர் ஊர்வலமாக வந்து பூவைத்தார்கள். முன்னால் போனவர்கள் பள்ளிப் பிள்ளைகள். பூங்காவுக்கு இன்று இருக்கிற பெயர் வேட் ஹாம்ப்டனுடையது. தெற்குப் படைத் தளபதி, 1877-ல் இந்த மாநிலத்தில் மறுகட்டமைப்புக்கு முற்றுப்புள்ளி வைத்த கவர்னர். ஓட்டப்பயிற்சி செய்கிறவர்கள் நிறைய. தகவல் பலகை முன்னால் நின்றது நாங்கள் இரண்டு பேர், கூடவே கொசு.

திரும்பும் வழியில் கால்ஹூன் தெருவில் இமானுவேல் தேவாலயம். 2015 ஜூன் 17 அன்று வெள்ளை வெறியன் ஒருவன் பைபிள் வகுப்பில் உட்கார்ந்திருந்து ஒன்பது பேரைச் சுட்ட இடம். இறந்தவர்களில் ஒருவர் பாதிரியார் கிளமெண்டா பிங்க்னி, மாநில செனட்டராகவும் இருந்தவர். அந்தப் பெயரை எங்கேயோ ஒரு நிலச் சட்டத்தோடு சேர்த்துப் படித்த ஞாபகம். எங்கே என்று பிறகு தெரிந்தது.

ஜூன் 12, புதன் – எடிஸ்டோ தீவு

வழியில் ஒரு பெட்ரோல் பங்க். வாசலில் பெரிய அண்டாவில் வேர்க்கடலை வேகிறது. தோலோடு, உப்புப் போட்டு. அப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! ஒரு பை 6 டாலர் என்றதும் முகம் கொஞ்சம் மாறியது, ஆனால் பை மடியை விட்டு இறங்கவில்லை. கடைக்காரர் "எங்க ஊர்க்காரர் மாதிரியே உரிக்கிறாரே" என்று இன்னொரு கை அள்ளிப் போட்டார்.

எடிஸ்டோவில் பார்ப்பதற்கென்று பெரிதாக எதுவும் கிடையாது. இரண்டு பக்கமும் ஓக் மரங்கள், அவற்றில் சடைசடையாகத் தொங்கும் பாசி, சதுப்பு, மறுபடி சதுப்பு. நடந்த கதைதான் பெரிது. 1865 ஜனவரி 16 அன்று வடக்குத் தளபதி ஷெர்மன் பக்கத்து ஜார்ஜியா மாநிலத்துச் சவானாவிலிருந்து ஓர் உத்தரவு போட்டார். சார்ல்ஸ்டனுக்குத் தெற்கே இருக்கும் தீவுகளும் கடலோர வயல்களும் விடுதலையானவர்களுக்கு, குடும்பத்துக்கு நாற்பது ஏக்கர் வரை. சுமார் நாற்பதாயிரம் பேர் குடியேறினார்கள். எடிஸ்டோவிலும் நட்டார்கள், அறுத்தார்கள். லிங்கன் போய் ஆண்ட்ரூ ஜான்சன் வந்தார். பழைய பண்ணைக்காரர்களுக்கு மன்னிப்பு, நிலமும் திரும்ப அவர்களுக்கே.

அந்தச் செய்தியைச் சொல்ல அக்டோபரில் இந்தத் தீவுக்கு வந்தவர் ஜெனரல் ஹோவர்ட். விடுதலையானவர்களுக்கென்று அரசு வைத்த துறையின் தலைவர், அவர்கள் மேல் உண்மையாகவே அக்கறை இருந்தவர், போரில் வலது கையை இழந்தவர். தேவாலயத்தில் கூட்டம். மன்னித்துவிடுங்கள், அவர்களிடமே கூலிக்கு ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுங்கள் என்றார். தீவுக்காரர்கள் பிறகு அவருக்கு ஒரு மனு எழுதினார்கள். நீங்கள் இழந்தது ஒரு கை, நீங்கள் மன்னிக்கலாம். என்னை மரத்தில் கட்டி முப்பத்தொன்பது கசையடி கொடுத்தவன், என் அம்மாவையும் தங்கையையும் அடித்தவன், அவனுடைய வெற்றுக் குடிசையில்கூட அவன் கேட்கிற விலைக்கு ஒப்புக்கொண்டால்தான் இருக்கலாம் என்கிறவன், அவனை நான் எப்படி மன்னிக்க, என்று போகிறது அந்த மனு. அஞ்சலில் போன மனுக்களில் இதைவிடக் கூர்மையான ஒன்றை நான் படித்ததில்லை. பலன் ஒன்றும் இல்லை.

இதைக் காரில் சொல்லிக்கொண்டு வந்தேன். அப்பா கடலை உரிப்பதை நிறுத்தினார்.

"பத்திரம் யார் பேர்ல இருந்தது?"

"பத்திரமே கொடுக்கலைப்பா. ராணுவ உத்தரவு. குடியேறினதுக்கு ஒரு சீட்டு கொடுத்திருக்காங்க."

"உத்தரவு வேற, பத்திரம் வேற" என்றார். மறுபடி கடலை.

நாலு மணிக்கு மழை பிடித்தது. வைப்பர் வேகமாக ஓடியும் முன்னால் போகும் வண்டி தெரியவில்லை. ஓரம் கட்டினோம். பின்னால் வந்த பிக்கப் வண்டிக்காரரும் ஓரம் கட்டி, நனைந்துகொண்டே வந்து கண்ணாடியைத் தட்டி, எல்லாம் சரிதானே என்று கேட்டுவிட்டுப் போனார். 1885 வாக்கில் ஹென்றி ஹட்சின்சன் என்ற கறுப்பின விவசாயி கட்டிய வீடு ஒன்று இந்தத் தீவில் நிற்கிறது, பருத்தியிலிருந்து கொட்டை பிரிக்கும் ஆலை வைத்திருந்தவர். மழையில் அதை வெளியிலிருந்து பார்த்ததோடு சரி. அப்படியானால் பின்னால் இங்கேயும் சிலர் காசு சேர்த்து நிலம் வாங்கத்தான் செய்திருக்கிறார்கள். வாங்கினார்கள், யாரும் கொடுக்கவில்லை.

இரவு போபோர்ட். விடுதி அறையில் ஏசி சொட்டிச் சொட்டி அப்பாவின் செருப்பு ஊறிப்போனது. வரவேற்பு மேசையில் ஆள் இல்லை, மணியை அடித்து ஓய்ந்துவிட்டு, வாளியை வைத்துத் தூங்கினோம்.

ஜூன் 13, வியாழன் – போபோர்ட்

அழகான ஊர். ஆற்றங்கரை ஊஞ்சல்கள், வெள்ளைத் தூண் வைத்த மாளிகைகள். இவ்வளவும் அழியாமல் நிற்பதற்குக் காரணம், போர் தொடங்கி ஏழே மாதத்தில், 1861 நவம்பர் 7 அன்று, வடக்குக் கடற்படை இந்தக் கடல்வாயைப் பிடித்ததுதான். பண்ணைக்காரர்கள் சாப்பாட்டை மேசையிலேயே விட்டு ஓடினார்கள். சுற்றுவட்டத் தீவுகளில் அவர்கள் விட்டுப்போன அடிமைகள் சுமார் பத்தாயிரம் பேர். நாடு முழுக்க 1865-க்குப் பிறகு தொடங்கிய மறுகட்டமைப்பு இங்கே போர் நடக்கும்போதே தொடங்கிவிட்டது.

முதலில் சொன்ன தேசிய நினைவிடத்தின் பூங்கா அலுவலகம் இங்கே பழைய தீயணைப்பு நிலையத்தில். நுழைவுக் கட்டணம் கிடையாது. அங்கிருந்த ரேஞ்சர் அப்பாவுக்கு நாற்காலி போட்டு, மெதுவாக, நான் தமிழில் சொல்லி முடிக்கிறவரை காத்திருந்து பேசினார். பேச்சு வரிபாக்கி ஏலத்துக்கு வந்ததும் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

விஷயம் இதுதான். போர்ச் செலவுக்கு வாஷிங்டன் ஒரு நிலவரி போட்டது. கலகம் செய்யும் மாநிலங்களுக்கும் அது உண்டு. 1862-ல் வந்த சட்டப்படி, வடக்குப் படையின் கையில் இருக்கும் பகுதிகளில் வரி கட்டாத நிலத்தை ஜப்தி செய்து ஏலம் விடலாம். ஓடிப்போனவன் வந்து எப்படிக் கட்டுவான்? போபோர்ட்டிலும் செயின்ட் ஹெலினா தீவிலும் பண்ணை பண்ணையாக ஏலம் போயிற்று. பெரும்பகுதியை அரசே எடுத்தது, கொஞ்சத்தை பாஸ்டன் வியாபாரிகள் எடுத்தார்கள், சில பண்ணைகளை அங்கேயே அடிமைகளாக இருந்தவர்கள் காசு திரட்டி எடுத்தார்கள். அரசு எடுத்ததில் ஒரு பகுதியை அப்புறம் துண்டு துண்டாக, ஏக்கர் ஒன்றரை டாலர் என்று, விடுதலையானவர்களுக்கு விற்றார்கள். விற்றார்கள் என்பதுதான் முக்கியம். கிரயச் சான்று கையில் வந்தது.

"ஏலக் கிரயம். ரத்து பண்றது சுலபமில்லை" என்றார் அப்பா. ரேஞ்சருக்கு மொழிபெயர்த்தேன். அவர் சிரித்துவிட்டு, பிரின்ஸ் தெரு 511-ம் எண் வீட்டைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்றார்.

அது ராபர்ட் ஸ்மால்ஸின் வீடு. 1839-ல் அந்த வளாகத்தின் பின்கட்டில் அடிமையாகப் பிறந்தவர். 1862 மே 13 விடியற்காலை சார்ல்ஸ்டன் துறைமுகத்தில், வெள்ளை அதிகாரிகள் கரையில் தூங்கிக்கொண்டிருந்தபோது, தான் வேலை பார்த்த பிளான்டர் என்ற நீராவிக் கப்பலை எடுத்துக்கொண்டு கிளம்பினார். கேப்டனின் வைக்கோல் தொப்பியைப் போட்டுக்கொண்டு, கோட்டைகளைக் கடக்கும்போது சரியான ஊதல் சைகை கொடுத்து, மனைவி மக்களோடும் மற்றவர்களோடும் வடக்குக் கடற்படையிடம் போய்ச் சேர்ந்தார். வெகுமதியாக 1,500 டாலர். போர் முடிவதற்கு முன்பே வரிபாக்கி ஏலத்தில் விட்ட அந்த வீட்டை வாங்கினார்.

அவருடைய எஜமானர் மெக்கீ அந்த வீட்டைப் போருக்கு முன்பே டி ட்ரெவில் என்பவருக்கு விற்றிருந்தார். போர் முடிந்து டி ட்ரெவில் வழக்குப் போட்டார், ஏலமே செல்லாது என்று. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. 1878-ல் தீர்ப்பு: ஏலம் செல்லும், வீடு ஸ்மால்ஸுக்கே. அதற்குள் வடக்குப் படை மாநிலத்தை விட்டுப் போய்விட்டது, பழையவர்கள் ஆட்சிக்கு வந்துவிட்டார்கள். அந்த நிலைமையிலும் இந்தத் தீர்ப்பு, அதே ஏலத்தில் துண்டு நிலம் வாங்கிய அத்தனை பேரின் பத்திரத்தையும் காப்பாற்றிக் கொடுத்துவிட்டது. ஸ்மால்ஸ் ஐந்து முறை அமெரிக்க நாடாளுமன்றத்துக்குப் போனார், மாநிலத்தில் இலவசப் பள்ளிக்கல்விக்கு வழிசெய்த 1868 அரசியல் சாசனத்தை எழுதுவதில் பங்கெடுத்தார். கப்பல் கதையைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு வழக்குதான் பெரிதாகப் படுகிறது. அப்பாவுக்கு அதில் சந்தேகமே இல்லை.

வீடு இப்போது தனியாருடையது, வேலிக்கு வெளியே நின்று பார்க்கலாம். அங்கிருந்து அவர் அடக்கமான டேபர்னேக்கிள் தேவாலயம் நடந்துபோகும் தூரம். அங்கே ஹாரியட் டப்மனுக்கு இந்த மாதம் ஒன்றாம் தேதிதான் சிலை திறந்திருக்கிறார்கள். 1863-ல் கம்பாஹி ஆற்றில் படையோடு போய் எழுநூறுக்கும் மேற்பட்டவர்களை மீட்டுவந்தவர். பூங்கொத்துகள் வாடாமல் இருந்தன.

சாயங்காலம் போர்ட் ராயல், சாக்ஸ்டன் முகாம். 1863 புத்தாண்டு அன்று லிங்கனின் விடுதலை அறிவிப்பை இந்த ஓக் மரங்களுக்குக் கீழே ஆயிரக்கணக்கானவர்கள் முன்னால் வாசித்தார்கள். வாசித்த பிரிஸ்பேன் இதே ஊர்ப்பக்கத்துப் பண்ணைக்காரர், மனம் மாறித் தன் அடிமைகளை விடுவித்தவர், வரி ஏலம் நடத்திய அதிகாரிகளில் ஒருவரும் அவரேதான். கொடியை வாங்கிக்கொண்ட கறுப்பினப் படையின் சார்ஜென்ட் பெயர் பிரின்ஸ் ரிவர்ஸ். அவரை மறுபடி சந்திக்க நேர்ந்தது. கண்ணுக்கே தெரியாத ஒரு பூச்சி அங்கே கடிக்கிறது. அப்பா வேட்டியில் வந்திருந்தார், பாவம்.

ஜூன் 14, வெள்ளி – செயின்ட் ஹெலினா தீவு

வெள்ளிக்கிழமை அப்பா கவிச்சி தொடமாட்டார். இந்த ஊரிலோ கீரையிலும் பன்றி, பீன்ஸிலும் பன்றி. இந்தத் தீவின் பேர்போன சாப்பாடு ஃப்ராக்மோர் ஸ்டூ, அதாவது இறால், சோளக்கதிர், உருளைக்கிழங்கு, தொத்திறைச்சி ஒன்றாக வேகவைத்தது. நான் சாப்பிட்டேன், 18 டாலர், கொடுக்கலாம். அப்பாவுக்கு வெண்டைக்காயும் சோள ரொட்டியும் கிடைத்தன. வெண்டைக்காயும் ஆப்பிரிக்காவிலிருந்து வந்ததுதான் என்றேன். "நம்ம ஊர்லயுமா?" என்று கேட்டுவிட்டு, ஒரு துண்டை எடுத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

விடுதலையானவர்களுக்கென்று பென் பள்ளி 1862-ல் இந்தத் தீவில் தொடங்கியது. தொடங்கியவர்கள் வடக்கிலிருந்து வந்த லாரா டவுன், எலன் மரே என்ற இரண்டு பெண்கள். கொஞ்ச நாளில் சார்லட் ஃபோர்டன் என்ற கறுப்பின ஆசிரியையும் வந்தார். டவுன் வந்தது சில மாதத்துக்கு அல்ல, சாகும்வரை நாற்பது வருடம் இங்கேயே இருந்துவிட்டார். தொடக்க காலத்தில் வகுப்பு நடந்த செங்கல் தேவாலயம் எதிரே. 1855-ல் அடிமைகள் கட்டியது. கீழே எஜமானர்கள், மேலே மாடத்தில் கட்டியவர்கள். எஜமானர்கள் ஓடியதும் மாடத்தில் இருந்தவர்கள் இறங்கிவந்து கீழே உட்கார்ந்தார்கள், இன்றும் சபை நடக்கிறது. மார்ட்டின் லூதர் கிங் அறுபதுகளில் தன் ஆட்களோடு ரகசியமில்லாமல் கூடிப் பேச முடிந்த இடங்களில் இந்தப் பள்ளி வளாகமும் ஒன்று. வெள்ளையரும் கறுப்பரும் ஒரே கூரையின் கீழ் தங்க அன்று இந்த மாநிலத்தில் வேறு இடம் கிடைப்பது கஷ்டம்.

சாலையோரம் ஒரு பந்தலில் தக்காளி, தர்பூசணி விற்கிற பாட்டி. அப்பாவைவிட வயதில் மூத்தவராக இருக்கலாம். என்னை பேபி என்றார், அப்பாவை சார் என்றார். நிலம் உங்களுடையதா என்று அப்பா நேராகக் கேட்கச் சொன்னார். எனக்குக் கூச்சமாக இருந்தது, கேட்டேன். பாட்டிக்கு ஒரு கூச்சமும் இல்லை. கொள்ளுத் தாத்தா வாங்கியது, உயில் எழுதவில்லை, இப்போது வாரிசுகள் எத்தனை பேர் என்று எங்களுக்கே தெரியாது, பாதிப் பேர் பிலடெல்பியாவிலும் நியூயார்க்கிலும் இருக்கிறார்கள் என்றார்.

இந்தக் கடலோரம் முழுக்க இதே கதை. பத்திரம் வாங்கிவிட்டார்கள், ஆனால் வக்கீல்மேலும் கோர்ட்மேலும் நம்பிக்கை இல்லாததால் உயில் எழுதவில்லை, பாகம் பிரிக்கவில்லை. தலைமுறை தலைமுறையாக நிலம் பொதுவிலேயே இருந்தது. எங்கேயோ இருக்கிற ஒரு பேரனிடம் ஒரு பங்கை வாங்கிக்கொண்டு, ஒரு கம்பெனி கோர்ட்டுக்குப் போய்ப் பாகப்பிரிவினை கேட்கும். பிரிக்க முடியாது என்று கோர்ட் மொத்தத்தையும் ஏலம் விடச் சொல்லும். வரிபாக்கி ஏலத்தில் வந்த நிலம் இன்னொரு ஏலத்தில் போகும். 2016-ல்தான் மற்ற வாரிசுகளுக்கு முதலில் வாங்கும் உரிமையும், நியாயமான விலை மதிப்பீடும் தரும் சட்டம் இங்கே வந்தது. அந்தச் சட்டத்துக்கு வைத்த பெயர் கிளமெண்டா பிங்க்னி. இமானுவேல் தேவாலயத்தில் சுடப்பட்ட அதே பாதிரியார்.

"வாரிசுச் சான்று வாங்கி, எல்லார் கையெழுத்தும் போட்டு ஒரே பத்திரமா பதியச் சொல்லு" என்று அப்பா பாட்டிக்கு ஆலோசனை அனுப்பினார். நான் சொன்னதும் பாட்டி தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். "அதைத்தான் என் தம்பிகிட்ட இருபது வருஷமா சொல்றேன்." தக்காளி 4 டாலர், ஆலோசனைக்கு ஒரு தர்பூசணி இலவசம்.

தீவில் கோல்ஃப் மைதானம், உல்லாச விடுதி, கேட் போட்ட குடியிருப்பு எதுவும் கட்டக்கூடாது என்று 1999-லேயே மாவட்ட விதி இருக்கிறது. இருந்தும் கட்ட அனுமதி கேட்கிறார்கள். ஏன் இந்த விதி என்று மறுநாள் புரிந்தது.

ஜூன் 15, சனி – மிட்சல்வில், சவானா

ஹில்டன் ஹெட் தீவு. வரைபடம் எங்களை ஒரு கேட்டுக்குக் கொண்டுபோய் நிறுத்தியது. காவலாளி மரியாதையாக, ஆனால் உறுதியாக, திரும்பச் சொன்னார். இப்படி வளைத்துப்போட்ட குடியிருப்புகள் பலவற்றுக்கும் பெயரில் பிளான்டேஷன், அதாவது அடிமைகளை வைத்து நடத்திய பண்ணை, என்று ஒட்டியிருக்கிறது. வெட்கமே இல்லை. 1956-ல் பாலம் வருகிறவரை தீவில் இருந்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பின விவசாயிகளும் மீனவர்களும்தான்.

1862-ல் வடக்குப் படை முகாமுக்குப் பக்கத்தில் விடுதலையானவர்கள் தாங்களே நடத்திய ஊர் மிட்சல்வில். வீட்டுக்குக் கால் ஏக்கர் மனை, தேர்ந்தெடுத்த ஊர்ச்சபை, ஆறு வயது முதல் பதினைந்துவரை பிள்ளைகள் கட்டாயம் பள்ளிக்குப் போக வேண்டும் என்ற விதி. இப்போது ஒரு கடற்கரைப் பூங்கா, மாதிரிக்குச் சில வீடுகளின் வெறும் மரக்கூடுகள். படை போனதும் வேலை போயிற்று. பிறகு மார்ச் கார்ட்னர் என்ற முன்னாள் அடிமை அந்த நிலத்தை வாங்கினார். அவருக்கு எழுத்து தெரியாது, பத்திரத்தை முடித்துவரச் சொல்லி மகனை அனுப்பினார். மகன் தன் பெயரிலேயே எழுதிக்கொண்டான், அப்புறம் தன் பெண்டாட்டி, மகள் பெயருக்கு மாற்றினான். வாரிசுகள் கோர்ட்டுக்குப் போனார்கள். அப்பா வாய்விட்டுச் சிரித்தது இந்தப் பயணத்திலேயே இந்த இடத்தில்தான்.

சவானாவில் மூச்சு முட்டும் கூட்டம், ஐஸ்கிரீமுக்கே முக்கால் மணி வரிசை. மாடிசன் சதுக்கத்தில் ஷெர்மன் தங்கிய கிரீன் மாளிகையை மட்டும் பார்த்தோம். 1865 ஜனவரி 12 இரவு, இருபது கறுப்பினப் பாதிரியார்களையும் பெரியவர்களையும் அழைத்து, உங்களுக்கு என்ன வேண்டும் என்று இங்கே கேட்டார்கள். அவர்கள் சார்பில் பேசியவர் காரிசன் ஃப்ரேசியர், 67 வயது. ஆயிரம் டாலர் பொன்னும் வெள்ளியுமாகக் கொடுத்துத் தன்னையும் மனைவியையும் விலைக்கு மீட்டவர். நிலம் வேண்டும், அதை எங்கள் உழைப்பால் உழுது வாழ்வோம், கொஞ்ச நாளில் அதை விலைகொடுத்தும் வாங்கிக்கொள்வோம் என்றார். நாலு நாளில் உத்தரவு வந்தது. அந்த விலைகொடுத்து வாங்குகிற பகுதியை அன்றைக்கே செய்து கொடுத்திருந்தால் எடிஸ்டோக்காரர்கள் மனு எழுத வேண்டியிருந்திருக்காது.

ஜூன் 16, ஞாயிறு – கொலம்பியா, ஹாம்பர்க்

கொலம்பியா சட்டமன்ற வளாகத்தில் நிழலே இல்லை. ஷெர்மனின் குண்டு பட்ட இடங்களில் வெண்கல நட்சத்திரம் பதித்திருக்கிறார்கள். 1868-ல் தொடங்கி சில ஆண்டுகள் இந்த மாநிலத்தின் கீழ்சபையில் கறுப்பின உறுப்பினர்கள்தான் பெரும்பான்மை. இன்னொரு மாநிலத்தில் அது நடக்கவில்லை. வளாகத்தில் பென் டில்மனுக்கு ஒரு சிலை. சாதாரண மக்களின் நண்பர் என்று பீடத்தில் புகழ்கிறது. 1895-ல் புதிய அரசியல் சாசனம் எழுதவைத்து, எழுத்துத் தேர்வு, சொத்துத் தகுதி என்று கறுப்பினத்தவரின் ஓட்டைப் பிடுங்கியவர். அதை எதிர்த்து அந்த அவையில் பேசியவர்களில் ராபர்ட் ஸ்மால்ஸும் ஒருவர்.

டில்மன் தன் கணக்கைத் தொடங்கியது ஹாம்பர்க்கில். வீட்டுக்குப் போகும் வழி, நிறுத்தினோம். சவானா ஆற்றங்கரையில், இன்றைய நார்த் அகஸ்டாவில் இருந்த ஊர். ஊரே இப்போது இல்லை. 1870-களில் அது கறுப்பினத்தவர் ஊர். ஊர்க்காவலர், நீதிபதி, படைப்பிரிவு எல்லாம் அவர்களே. 1876 ஜூலை 4, நாட்டின் நூறாவது பிறந்தநாள். படைப்பிரிவு தெருவில் அணிவகுக்கிறது. குதிரைவண்டியில் வந்த இரண்டு வெள்ளை இளைஞர்கள் வழிவிடச் சொல்கிறார்கள். கொஞ்சம் தகராறு, பிறகு வழிவிட்டார்கள். அதோடு முடிந்திருக்க வேண்டியது. வழக்கானது. ஜூலை 8 அன்று விசாரணைக்கு வெள்ளையர்கள் நூற்றுக்கணக்கில் ஆயுதத்தோடு வந்து, துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொன்னார்கள். ஒப்படைக்கவில்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பீரங்கி கொண்டுவந்தார்கள். பிடித்துவைத்தவர்களில் சிலரைப் பெயர்சொல்லி அழைத்து, ஒவ்வொருவராகச் சுட்டார்கள். யாருக்கும் தண்டனை இல்லை. தாக்குதலுக்குத் தலைமை தாங்கிய பட்லர் அடுத்த வருடமே அமெரிக்க செனட்டர். டில்மன் அதில் பங்கெடுத்ததைக் கடைசிவரை மேடையில் பெருமையாகச் சொன்னார்.

நார்த் அகஸ்டா நடுவில், நல்ல பூங்காவில், உயரமான தூண் ஒன்று. 1916-ல் வைத்தது. அன்று செத்த ஒரே வெள்ளை இளைஞனுக்கு. சுடப்பட்ட கறுப்பினத்தவர்களுக்குக் கல் வைத்தது 2016-ல், நூறு வருடம் கழித்து, வேறொரு பக்கம்.

அன்று அந்த வழக்கை விசாரிக்க உட்கார்ந்த நீதிபதி பிரின்ஸ் ரிவர்ஸ். சாக்ஸ்டன் முகாமில் கொடி வாங்கிய அதே சார்ஜென்ட். அடிமையாக இருந்தபோது போபோர்ட்டில் வண்டிக்காரர். படையில் சேர்ந்து, சட்டசபைக்குப் போய், நீதிபதியானவர். கூட்டம் அவர் வீட்டையும் சூறையாடியது. அடுத்த வருடம் ஆட்சி மாறியதும் பதவி போயிற்று. ஏய்க்கனில் மறுபடி வண்டி ஓட்டினார்.

"அவர்கிட்ட பத்திரம் இருந்திருக்குமே" என்றேன்.

"பதிவு ஆபீஸ் வாசல்ல போலீஸ்காரன் நிக்கணும்மா. இல்லேன்னா அது வெறும் காகிதம்" என்றார் அப்பா.

2016-ல் வைத்த கல் கேர்ஸ்வில் பகுதியில் இருக்கிறது. வரைபடத்தில் பூங்காவின் தூண்தான் முதலில் வரும், அதனால் கேர்ஸ்வில் என்றே போட்டுத் தேடுங்கள். பக்கத்தில் கடை எதுவும் இல்லை, தண்ணீர் எடுத்துப் போங்கள். அங்கிருந்து அட்லாண்டா இரண்டரை மணி நேரம். செயின்ட் ஹெலினா பாட்டியின் தர்பூசணி வீடு வந்து சேர்வதற்குள் டிக்கியிலேயே வெடித்துவிட்டது. தக்காளி ரசத்துக்கு ஆயிற்று.